பெலிக்கன்ஸ் பிளேஓஃப் போகுமா? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பார்க்கும் கூட்டம் சின்னது. அதிலும் நியூ ஓர்லியன்ஸ் பெலிக்கன்ஸ் அணிக்காக அதிகாலையில் எழும்புகிறவர்கள் இன்னும் குறைவு. பயிற்சி முடிந்து கோர்ட் ஓரத்தில் தண்ணீர் குடிக்கும்போதும், வட்ஸ்அப் குழுவிலும், மழைக்கு ஒதுங்கிய தேத்தண்ணிக் கடையிலும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். எழுதுவது 2025 நவம்பர் கடைசி வாரத்தில். இதற்குப் பிறகு நடப்பவை இதில் இராது.

ஏன் அண்ணன், மட்டக்களப்புல இருந்துகொண்டு நியூ ஓர்லியன்ஸ் டீமுக்குக் கத்துறீங்க? லேக்கர்ஸ், வொரியர்ஸ் எல்லாம் இல்லையா?

நம் ஊர்க் கூடைப்பந்துக்கும் நியூ ஓர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் புனித மிக்கேல் கல்லூரிக்குப் பணிக்கு வந்த இயேசு சபைத் துறவிகளில் பலர், அந்தச் சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். வெபர் மைதானம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்று கேட்டாலும் அந்த வரிசையில்தான் போய் நிற்போம். லூசியானாவின் ஜெனிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்த யூஜின் ஹேபர் அடிகளார் 1948இல் இங்கே வந்து, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் காணாமல் போனார். கூட வந்த இளைஞரும் வீடு வந்து சேரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பரில் கடல் நம் கரையை அழித்தது. எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி நியூ ஓர்லியன்ஸை வெள்ளத்தில் மூழ்கடித்தது. அந்த அணி இரண்டு சீசன்களைப் பெரும்பாலும் ஓக்லஹோமா நகரத்தில் ஆடிவிட்டுத்தான் ஊர் திரும்பியது. லேக்கர்ஸுக்குக் கத்த உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. எனக்கு இந்த அணிதான் நெஞ்சுக்குக் கிட்ட.

பிளேஓஃப் எண்டா என்ன? எத்தின டீம் போகும்?

என்.பி.ஏ.யில் 30 அணிகள். கிழக்கில் 15, மேற்கில் 15. ஒவ்வோர் அணியும் சீசனில் 82 ஆட்டம் ஆடும். முடிவில் இரண்டு பக்கத்திலும் எட்டெட்டு அணிகள் பிளேஓஃப் போகும். அங்கே ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர், நான்கு வென்றவர் அடுத்த சுற்றுக்கு. பெலிக்கன்ஸ் மேற்குப் பக்கம்.

முதல் ஆறு இடங்களில் முடித்தவர்கள் நேராகப் போவார்கள். 7ஆம் இடத்தில் இருந்து 10ஆம் இடம் வரை வந்தவர்கள் பிளே-இன் என்ற சிறு தகுதிச் சுற்றை ஆடி, மீதி இரண்டு இடங்களைப் பிடிக்க வேண்டும்.

7ஆம் இடமும் 10ஆம் இடமும் ஒண்டுதானே? ரெண்டும் பிளே-இன்தானே?

ஒன்றில்லை. 7ஆம், 8ஆம் இடத்தார் தங்களுக்குள் ஆடுவார்கள். வென்றவர் அப்போதே உள்ளே. தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கும். 9ஆம், 10ஆம் இடத்தார் ஆடினால் தோற்றவர் அன்றே வீட்டுக்கு. வென்றவர், முந்தைய ஆட்டத்தில் தோற்றவரோடு மோதி அவரையும் வெல்ல வேண்டும். அதாவது 7, 8இல் இருந்தால் இரண்டில் ஒன்றை வென்றால் போதும். 9, 10இல் இருந்தால் இரண்டையும் வென்றாக வேண்டும்.

பெலிக்கன்ஸ் இதன் எல்லா முகத்தையும் பார்த்துவிட்டது. 2022இல் 9ஆம் இடத்தில் இருந்து சான் அன்டோனியோவையும் கிளிப்பர்ஸையும் அடுத்தடுத்து வீழ்த்தி உள்ளே போனது. 2023இலும் 9ஆம் இடம்தான். சொந்த ஊரில் ஓக்லஹோமாவிடம் 118-123 என்று தோற்று அன்றைக்கே சீசன் முடிந்தது. 2024இல் கடைசி நாள் ஆட்டத்தை லேக்கர்ஸிடம் இழந்து 6ஆம் இடத்தில் இருந்து 7க்கு விழுந்தது. இரண்டே நாள் கழித்து பிளே-இன்னிலும் அதே லேக்கர்ஸிடம் தோல்வி. பிறகு சக்ரமென்டோவை வென்று 8ஆவது அணியாகப் போய், முதல் சுற்றில் ஓக்லஹோமாவிடம் 0-4. ஒரே ஓர் இடம் கீழே இறங்கினால் என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பதற்கு அந்த வருடம் போதும்.

மெட்ச் நமக்கு எத்தின மணிக்கு?

நவம்பர் தொடக்கத்தில் இருந்து மார்ச் வரை, நியூ ஓர்லியன்ஸில் மாலை 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 6.30. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியபின் 5.30. வேலைக்குப் போகிறவர்கள் முதல் பாதியை வீட்டிலும் மீதியை பஸ்ஸிலும் பார்க்கிறார்கள்.

இந்த டீம் எப்பயாவது பெருசா ஏதும் வெண்டிரிக்கா?

சம்பியன் ஆனதில்லை. மேற்குப் பக்க இறுதிச் சுற்றைக்கூடத் தொட்டதில்லை. 2002இல் சார்லட்டில் இருந்து நியூ ஓர்லியன்ஸுக்கு வந்த அணி, 2013 வரை ஹோர்னெட்ஸ் என்ற பெயரில் ஆடியது. மிகச் சிறந்த சீசன் 2007-08. கிறிஸ் போல் என்ற வீரரின் தலைமையில் 56 வெற்றி, இரண்டாம் சுற்றில் சான் அன்டோனியோவோடு ஏழாவது ஆட்டம் வரை போராட்டம். அடுத்த உச்சம் 2018. அன்தனி டேவிஸ் இருந்த அணி போர்ட்லண்டை 4-0 என்று துடைத்தெறிந்துவிட்டு, அந்த வருடச் சம்பியனான கோல்டன் ஸ்டேட்டிடம் 1-4 தோற்றது.

2018இல் டெமார்கஸ் கசின்ஸ் ஜனவரியிலேயே குதிகால் தசைநாண் அறுந்து உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். காயம் என்ற சொல் இந்தப் பக்கத்தில் இன்னும் பலமுறை வரப்போகிறது.

2-10ல தொடங்கின டீம் இனி எங்க போற? சீசன் முடிஞ்சு போச்சுதானே?

முதல் 12 ஆட்டத்தில் 2 வெற்றி என்ற நிலையில்தான் நவம்பர் நடுவில் கோச் வில்லி கிரீனை நீக்கினார்கள். அந்தப் புள்ளியில் மீதி 70 ஆட்டம். மேற்கில் 10ஆம் இடத்துக்கு எத்தனை வெற்றி வேண்டும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். 2024இல் 46 வென்ற அணிதான் 10ஆவது. 2025இல் 39 வென்ற டலஸ் 10ஆவது. 39க்குக் கணக்குப் போட்டால் 70இல் 37 வெல்ல வேண்டும். 46க்குப் போட்டால் 70இல் 44. முதலாவது கடினம், ஆனால் நடக்கக்கூடியது. இரண்டாவதற்கு, மேற்கின் நல்ல அணிகள் ஆடுவதுபோல மீதிச் சீசன் முழுவதும் ஆட வேண்டும்.

முன்னுதாரணம் இருக்கிறதா என்று கேட்டால், இதே அணியிடம் இருக்கிறது. 2021-22இல் 1-12 என்று தொடங்கினார்கள். அப்புறம் ஆடிய 69 ஆட்டத்தில் 35ஐ வென்று 36-46 என்று முடித்து, மேலே சொன்னபடி பிளே-இன் வழியாகப் பிளேஓஃப் போனார்கள். ஆனால் அந்த வருடம் 10ஆம் இடத்துக்கு 34 வெற்றியே போதுமாக இருந்தது. அத்தோடு நடுச் சீசனில் சி.ஜே. மெக்கலம் வந்தார், ஹேர்ப் ஜோன்ஸ், ட்ரே மர்ஃபி, ஹொசே அல்வராடோ மூன்று புதுமுகங்களும் ஒரே நேரத்தில் பூத்தார்கள். அதே அதிர்ஷ்டம் மறுபடி வரும் என்று இருக்க ஏலாது. கிரீன் போன பிறகும் இதுவரை தோல்விகள்தான் கூட.

ஸயன் இரிந்தாப் போதும் எண்டு ஒரு ஆள் சொல்றான், ஸயன அனுப்பினாத்தான் டீம் உருப்படும் எண்டு இன்னொரு ஆள் சொல்றான். நீங்க எந்தப் பக்கம்?

முதலில் எண்ணிக்கை. அணியின் நட்சத்திரமான ஸயன் வில்லியம்சன், புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் டிராஃப்டில் 2019இல் முதல் ஆளாகத் தெரிவானார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனிலும் அவர் ஆடிய ஆட்டங்கள்: 24, 61, பூச்சியம், 29, 70, 30. அணி ஆடியது மொத்தம் 472, அவர் ஆடியது 214. பாதிக்கும் கீழே. இந்தச் சீசனிலும் தொடக்கத்திலேயே பின்தொடைத் தசை இழுத்து உட்கார்ந்தார்.

ஆடும்போது அவரை நிறுத்த ஆளில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. 2024 பிளே-இன்னில் லேக்கர்ஸுக்கு எதிராக 40 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில்தான் பின்தொடைத் தசை பிடித்து வெளியேறினார், பிறகு அந்தச் சீசனில் கோர்ட்டுக்கு வரவேயில்லை. ஒரே இரவில் இரண்டு வாதத்துக்கும் சாட்சி கிடைத்துவிட்டது.

என் நிலைப்பாடு இதுதான். ஆறு வருடக் கணக்கு கையில் இருக்கும்போது, அவர் 82 ஆட்டமும் ஆடுவார் என்று வைத்து அணியைக் கட்டுவதுதான் பிழை. ஸயன் 40 ஆட்டம் ஆடுவார் என்று எழுதிவைத்துக்கொண்டு, அவர் இல்லாத 42 ஆட்டத்தை யார் வெல்வது என்ற கேள்வியில் இருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் எல்லோரும் சுகமாக இருந்தால் நாம் எங்கே இருப்போம் என்று பேசுகிறோம். எல்லோரும் சுகமாக இருந்த வருடம் இந்த அணிக்கு வந்ததே இல்லை. அவரைத் துரத்தச் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. காயத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆளுக்குச் சந்தையில் விலை குறைவு, அந்த விலைக்கு விற்பதில் அணிக்கு ஒரு நன்மையும் இல்லை.

சரி, டீமிட உண்மையான ஓட்டை எது?

இரண்டு. ஒன்று ரிங்குக்குக் கீழே, இன்னொன்று பந்தைக் கொண்டுவரும் கையில்.

ஸயனின் உயரம் 1.98 மீட்டர், எடை கிட்டத்தட்ட 129 கிலோ. தூரத்தில் இருந்து எறிகிறவர் இல்லை, உள்ளே இடித்துப் போய் போடுகிறவர். அவருக்குப் பக்கத்தில் நிற்கும் சென்டர், அதாவது அணியின் உயரமான ஆள், இரண்டு வேலை செய்ய வேண்டும்: தாக்குதலில் வெளியே நின்று மூன்று புள்ளி எறிந்து எதிரியின் உயரமான ஆளை ரிங்கில் இருந்து இழுக்க வேண்டும், தடுப்பில் உள்ளே வருகிறவனை மறிக்க வேண்டும். இரண்டும் தெரிந்த சென்டர்கள் லீக்கிலேயே சொற்பம். பெலிக்கன்ஸிடம் இருப்பவர்களில் இவ் மிஸ்ஸி நன்றாக எழும்பி மறிப்பார், வெளியே நின்று எறிய மாட்டார். கெவோன் லூனி கோல்டன் ஸ்டேட்டில் சம்பியன் ஆன அனுபவம் உள்ளவர், தவறி வரும் பந்தைப் பிடிக்கும் ரிபவுண்டுக்கு நல்லவர், ஆனால் எழும்பி மறிப்பவர் இல்லை. புதியவர் டெரிக் குயீனின் பலம் பாஸ். ஆகவே யாரைப் போட்டாலும் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது.

இரண்டாவது ஓட்டை, பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் கார்ட். அதற்காகவே 2024இல் டெஜோன்டே மரேயை வாங்கினார்கள். 2025 ஜனவரி 31 அன்று அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது, இன்னும் திரும்பவில்லை. பிரண்டன் இங்ரம் 2025 பெப்ரவரியில் டொரொன்டோவுக்குப் போனார், மெக்கலம் கோடையில் வொஷிங்டனுக்கு. மெக்கலமுக்குப் பதிலாக வந்த ஜோர்டன் பூல் எறிகிறவர், அணியை ஒழுங்குபடுத்துகிறவர் என்று சொல்ல மாட்டேன். அதனால் அந்தப் பாரம் 19 வயது ஜெரமையா ஃபியர்ஸின் தோளில் விழுந்திருக்கிறது. ஃபியர்ஸ் வேகமானவர், பயமில்லாதவர், எனக்கு மிகவும் பிடித்தவர். முதல் வருடத்திலேயே அவர் தனியாக அணியை நடத்த வேண்டியிருப்பது அவருடைய குற்றமில்லை.

அந்த உயரமான சென்டர ரிங்குக்குக் கீழயே நிப்பாட்டி வச்சா என்ன? நாங்க அப்பிடித்தானே ஆடுற?

நாம் ஆடுவது சர்வதேச விதியில். அதில் தடுக்கிற ஆள் ரிங்குக்குக் கீழே எவ்வளவு நேரமும் நிற்கலாம். என்.பி.ஏ.யில் பக்கத்தில் எதிரி இல்லாமல் சும்மா ரிங்குக்கு முன்னால் வரைந்த கட்டத்துக்குள் 3 செக்கனுக்கு மேல் நிற்க ஏலாது. நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் கொடுத்து, பந்தையும் அவர்களிடமே விடுவார்கள். ஆகவே சென்டர் உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உயரம் மட்டும் போதாது, கால் வேண்டும்.

அப்படியே மற்ற வித்தியாசங்களையும் சொல்லிவிடுகிறேன். அங்கே குவாட்டர் 12 நிமிடம், நமக்கு 10. அங்கே 6 ஃபவுல், நமக்கு 5. மூன்று புள்ளிக் கோடு அங்கே 7.24 மீட்டர், மூலைகளில் 6.7. நமக்கு 6.75 மீட்டர், மூலைகளில் கொஞ்சம் கிட்ட.

மனே, ஃபாதர்மார் காலத்துல நாங்க பாத்த விளையாட்டு இதில்லையே. எல்லாரும் தூரத்துல இரிந்தே எறியிறானுகளே, ஏன்?

மாமா, நீங்கள் ஆடிய காலத்தில் அந்தக் கோடே இல்லை. என்.பி.ஏ. 1979-80 சீசனில்தான் மூன்று புள்ளிக் கோட்டை வரைந்தது. சர்வதேச விதியில் அது 1984இல் வந்தது. அதற்கு முன் எங்கே இருந்து எறிந்தாலும் இரண்டுதான், எனவே கிட்டப் போய்ப் போடுவதுதான் புத்தி.

இப்போது கணக்கு வேறு. 100 தடவை தூரத்தில் இருந்து எறிந்து 36 விழுந்தால் 108 புள்ளி. 100 தடவை இரண்டு புள்ளிக்கு எறிந்து சரிபாதி விழுந்தாலும் 100தான். இதை எல்லா அணியும் உணர்ந்துவிட்டது. ரிங்குக்கு மிகக் கிட்டப் போய்ப் போடுவது இன்றைக்கும் நல்ல வழிதான், இடைத்தூரத்தில் இருந்து எறிவதுதான் குறைந்துபோனது. பெலிக்கன்ஸில் தூர எறிக்கு முதல் ஆள் ட்ரே மர்ஃபி. அவர் கோட்டுக்கு வெளியே நின்றாலே எதிரணியில் ஒருவர் அவரை விட்டு நகர மாட்டார். அந்த இடைவெளிக்குள்தான் ஸயன் நுழைகிறார்.

ஹேர்ப் ஜோன்ஸ் பெருசா பொயின்ட்ஸ் எடுக்கிறல்லையே, ஏன் அவர விடாமப் பிடிச்சிரிக்காங்க?

எதிரணியின் மிகச் சிறந்த ஆள் எடுக்க வேண்டிய புள்ளியை எடுக்கவிடாமல் செய்கிறார், அதனால்தான். 2021இல் 35ஆவது ஆளாகத் தெரிவானவர். 2024இல் லீக்கின் சிறந்த தடுப்பாளர்கள் ஐவரில் ஒருவராக அறிவிக்கப்பட்டார். ஒவ்வோர் இரவும் டொன்சிச், ஷே கில்ஜஸ் அலெக்ஸாண்டர் போன்ற எதிரணி நட்சத்திரங்களை மறிக்கும் பொறுப்பு அவருக்குத்தான். கார்ட்டையும் மறிப்பார், ஃபோர்வேர்டையும் மறிப்பார். பாஸ் போகும் வழியில் கையை நீட்டிப் பந்தை எடுப்பதில் அவருக்கு நிகர் சிலரே.

மேலே சொன்ன ரிங் ஓட்டை ஓரளவாவது மூடியிருப்பது இவரால்தான். கோட்டிலேயே ஆளை நிறுத்திவிட்டால், சென்டருக்கு வேலை குறையும். 2024-25இல் இவர் தோள் காயத்தால் 20 ஆட்டம் மட்டுமே ஆடினார். அந்த வருடம் அணி 21-61. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். விற்கக்கூடாத ஆள் ஒருவரைச் சொல்லு என்றால் நான் ஸயனுக்கு முன்னால் இவர் பெயரைத்தான் சொல்வேன்.

டைசன் டேனியல்ஸ ஏன் விட்டாங்க? இப்ப அட்லான்டாவுல கலக்குறானே?

மேலே சொன்ன மரேயை வாங்கக் கொடுத்த விலைதான் அவர். லாரி நான்ஸும் இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகளும் கூடவே போயின. டேனியல்ஸ் அடுத்த சீசனிலேயே லீக்கில் மிக அதிகமாகப் பந்தைத் தட்டிப் பறித்தவர் ஆனார், ஆட்டத்துக்குச் சராசரி மூன்று. அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதும் அவருக்கே. மரேயோ அந்தச் சீசனில் 31 ஆட்டத்தோடு உட்கார்ந்தார்.

கார்ட் தேவை என்ற நோக்கம் சரிதான். ஆனால் ஹேர்ப் ஜோன்ஸும் டேனியல்ஸும் ஒரே அணியில் இருந்திருந்தால் எதிரணிக் கார்ட்டுகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திராது. இந்த விற்பனை எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

தோத்தா நல்ல டிராஃப்ட் கிடைக்கும்தானே? அப்ப ஏன் வெல்லணும் எண்டு நிக்கிறீங்க?

வழக்கமாக அது சரி. டிராஃப்டில் யார் முதலில் தெரிவு செய்வது என்று பார்க்கும் குலுக்கலில், கீழே முடித்த அணிகளுக்குக் கூடுதல் வாய்ப்பு, மிக மோசமான மூன்று அணிகளுக்கும் முதல் இடத்துக்கு 14 வீதம். ஆனால் 2026க்கு இது பெலிக்கன்ஸுக்குப் பொருந்தாது. 2025 டிராஃப்ட் இரவில் 13ஆவது இடத்தைப் பெற்று டெரிக் குயீனை எடுப்பதற்காக, தங்கள் 23ஆவது இடத்தோடு 2026 முதல் சுற்று உரிமையையும் அட்லான்டாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெலிக்கன்ஸ், மில்வோக்கி இரண்டின் இடங்களில் எது மேலானதோ அது அட்லான்டாவுக்கு. எந்தப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லை. முதல் இடமே விழுந்தாலும் அவர்களுக்குத்தான்.

ஆகவே இந்த வருடம் ஒவ்வொரு தோல்வியும் அட்லான்டாவுக்குப் பரிசு. குலுக்கலை நம்புவதும் அவ்வளவு நல்லதில்லை. 2019இல் வெறும் 6 வீத வாய்ப்போடு முதல் இடம் கிடைத்து ஸயன் வந்தார். 2025இல் 12.5 வீதம் இருந்தும் 7ஆம் இடத்துக்கு விழுந்தது. 1.8 வீதம் இருந்த டலஸ் முதல் இடத்தை எடுத்துக்கொண்டு போனது.

அப்ப குயீனுக்காக அவ்வளவு குடுத்தது பிழையா?

விலை அதிகம், ஆள் நல்லவர். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். உயரமான ஆளாக இருந்தும் கார்ட் போலப் பாஸ் கொடுக்கிறார், அது அரிது. ஆனால் 21-61 என்று முடித்த அணி, அடுத்த வருட உரிமையை நிபந்தனையில்லாமல் கொடுத்திருக்கக் கூடாது. முதல் நான்கு இடம் விழுந்தால் எங்களுக்கே என்ற ஒரு நிபந்தனை வைத்திருந்தால் இன்றைக்கு நாங்கள் இவ்வளவு பதற மாட்டோம். குயீன் மிகப் பெரிய வீரராக வந்தாலும், அந்த இரவின் பேரத்தை நான் நல்ல பேரம் என்று சொல்லப் போவதில்லை.

பெரிய ஸ்டார் ஒருத்தர வாங்க ஏலாதா?

காசு மட்டும் இருந்தால் போதாது. என்.பி.ஏ.யில் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-26க்கு அது 15 கோடியே 46 இலட்சம் டொலர். அதைத் தாண்டலாம், ஆனால் சுமார் 18 கோடியே 79 இலட்சத்தைத் தாண்டினால் அபராத வரி. பெலிக்கன்ஸ் நிர்வாகம் இதுவரை அந்த வரியைக் கட்டியதே இல்லை. ஸயன், மரே, பூல் மூவருக்கும் சேர்த்தே சுமார் 10 கோடி போகிறது, அதாவது உச்சவரம்பில் மூன்றில் இரண்டு பங்கு. பெரிய ஆளை வாங்க வேண்டும் என்றால் கிட்டத்தட்ட அதே அளவு சம்பளத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். காயத்தில் இருப்பவர்களை யார் வாங்குவார்கள்?

ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. 2025 ஏப்ரலில் பொறுப்பேற்ற ஜோ டூமார்ஸ் லூசியானாக்காரர். டெட்ரொய்ட்டில் ஆடும்போது இரண்டு சம்பியன்ஷிப், பிறகு அதே அணியை நிர்வகித்து 2004இல் இன்னொன்று. அந்த 2004 அணியின் முதுகெலும்பு பென் வொலஸ், டிராஃப்டில் யாருமே எடுக்காத ஒரு சென்டர். பெரிய பெயர் இல்லாமலே ரிங்கை எப்படிக் காப்பது என்று டூமார்ஸுக்குத் தெரியும். அப்படியொரு ஆளைத்தான் அவர் தேட வேண்டும்.

கோச்ச மாத்தினா மாறுமா?

கொஞ்சம். இடைக்காலப் பொறுப்பில் இருக்கும் ஜேம்ஸ் போரேகோ முன்பு சார்லட்டின் தலைமைப் பயிற்சியாளர், வேகமாக ஓடித் தாக்கும் ஆட்டத்தை விரும்புகிறவர். ஃபியர்ஸுக்கு அது பொருந்தும். ஆனால் ரிங் ஓட்டையை எந்தக் கோச்சாலும் பேசி அடைக்க முடியாது. 1-12இல் இருந்து பிளேஓஃப் வரை கொண்டுபோனவரும் வில்லி கிரீன்தான் என்பதை மறந்துவிட்டுத் திட்டாதீர்கள்.

கடைசியாக் கேக்கிறன். இந்த வருசம் போகுமா, போகாதா?

நேரடியாக முதல் ஆறுக்குள், இல்லை. 10ஆம் இடத்துக்கும் என் மனம் ஆசைப்படுகிறது, கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேற்கில் நடப்புச் சம்பியன் ஓக்லஹோமா தொடங்கிப் பலமான அணிகள் வரிசையாக நிற்கின்றன. கீழே இருக்கும் எதிரிகளை வென்றுதான் ஏற வேண்டும், அந்த ஆட்டங்களையும் இதுவரை விட்டுக்கொண்டே வந்திருக்கிறோம்.

2026-27க்கு என்னிடம் வேறு பதில். மரே சுகமாகத் திரும்பி, ஃபியர்ஸுக்கு ஒரு வருட அனுபவமும் கூடி, ரிங்கைக் காக்கும் ஒரு சென்டரும் வந்தால், ஸயன் பாதி ஆட்டம் ஆடினால்கூட இந்த அணி 40 வெற்றியைத் தாண்டும். மர்ஃபியும் ஹேர்ப் ஜோன்ஸும் அதுவரை விற்கப்படாமல் இருக்க வேண்டும். அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கடைசி நாள் பெப்ரவரியில் வரும்போது நான் அந்த இரண்டு பெயரையும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மெட்ச் மட்டும்தான் பாக்க நேரம் இரிக்கெண்டா, எத கவனிச்சுப் பாக்க?

ஸயன் பெஞ்சுக்குப் போகும் நிமிடங்களைப் பாருங்கள், பெரும்பாலும் முதல் குவாட்டரின் பின்பாதியில் தொடங்கும். அந்த நேரத்தில் பந்து யார் கையில் இருக்கிறது, ஃபியர்ஸும் குயீனும் ஒருவரையொருவர் தேடுகிறார்களா, எதிரணி எத்தனை தடவை தடையில்லாமல் ரிங் வரை வருகிறது என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். இரண்டாம் குவாட்டரில் அல்வராடோ உள்ளே வந்தால் அவரிடம் இருந்து கண்ணை எடுக்காதீர்கள். கோர்ட் மூலையில் சும்மா நிற்பதுபோல நின்று, பந்தைக் கொண்டுவரும் ஆள் கடந்து போனதும் பின்னால் வந்து தட்டிப் பறிப்பார். 1.83 மீட்டர் உயரம், டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. நம் கோர்ட்டிலும் கட்டையான பொடியன்கள் இதைச் செய்து பார்க்கலாம், விதியில் ஒரு தடையும் இல்லை.